பழைய பணக்காரக் குடும்பத்தோட காசு அடிமை உழைப்புல இருந்து வந்துச்சான்னு எப்படி தேடிக் கண்டுபிடிக்கிறது

முதலாளித்துவம் அடிமைகளோட ரத்தத்துல வளர்ந்துச்சான்னு ஒரு பேச்சு வந்தா ரெண்டு பக்கமும் சத்தம் போடுவாங்க, "எல்லாமே அடிமைக் காசுதான்"னு ஒருத்தர், "அதெல்லாம் சும்மா, மெஷினும் நிலக்கரியும்தான் காரணம்"னு இன்னொருத்தர், கையில ஒரு காகிதம் கூட இருக்காது. ஆனா காகிதம் இருக்கு. நிறைய இருக்கு. பலதை ஆன்லைன்ல ஃப்ரீயாவே பாக்கலாம், லண்டனுக்கு டிக்கெட் போட வேண்டியதில்ல. ஒரு பேரை எடுத்து அந்தக் காசு எங்க இருந்து வந்துச்சு, பிறகு எங்க போச்சுன்னு எப்படி தேடுறதுன்னு இங்க எழுதுறேன். காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கிற பசங்க, பத்திரிகைல எழுதுறவங்க, மொரிஷியஸ், கயானா, இலங்கை மலையகம்னு வேர் இருக்கிற குடும்பத்துக்காரங்க எல்லாருக்கும் உதவும்.

முக்கியமா பிரிட்டனைத்தான் எடுத்துக்கிறேன், ஏன்னா அங்கதான் கணக்கு நல்லா எழுதி வெச்சிருக்காங்க. எழுதி வெச்ச காரணம் கேட்டா வயிறு எரியும். 1833ல பார்லிமென்ட் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டுச்சு, அதே சட்டத்துல 2 கோடி பவுண்டு நஷ்டஈடும் ஒதுக்குச்சு. அந்தப் பணம் அடிமையா இருந்தவங்களுக்கு இல்ல, அவங்களை வெச்சிருந்த முதலாளிங்களுக்கு. சுமார் 8 லட்சம் பேர் விடுதலை ஆனாங்க, அவங்க கையில ஒரு பென்னி கூட வைக்கல, அதுக்கு மேல "அப்ரெண்டிஸ்"னு பேர் மாத்தி 1834 ஆகஸ்ட் 1லேர்ந்து 1838 ஆகஸ்ட் 1 வரைக்கும் அதே தோட்டத்துல வாரத்துக்கு 45 மணி நேரம் வரைக்கும் கூலி இல்லாம வேலை வாங்கினாங்க. முதலாளிக்குக் காசு குடுக்கணும்னா யார்கிட்ட எத்தனை பேர் இருந்தாங்க, ஆளுக்கு என்ன விலை, அந்தத் தோட்டம் யார்கிட்ட அடமானத்துல இருக்குன்னு எல்லாம் பாக்கணும்ல, அதுக்காக ஒரு கமிஷன் உக்காந்து ஒவ்வொண்ணா பதிஞ்சுச்சு. அந்த லெட்ஜருங்கதான் இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கிற சாட்சி.

இந்த 2 கோடி எவ்வளவு பெரிசுன்னா, அப்போதைய பிரிட்டிஷ் அரசாங்கத்தோட ஒரு வருஷச் செலவுல ஏறத்தாழ 40 சதவீதம். கையில அவ்வளவு இல்லாததால 1835ல லண்டன் நிதி வியாபாரிங்களான நாதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் சேர்ந்து ஒன்றரைக் கோடி கடன் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாங்க. அந்தக் கடன் பழைய கடன்களோட ஒண்ணா கலந்து உருண்டு உருண்டு கடைசியா 2015லதான் அடைஞ்சுச்சு, 2018ல பிரிட்டிஷ் நிதித்துறையே அதைச் சொல்லுச்சு. அதாவது 2015 வரைக்கும் லண்டன்ல வரி கட்டின ஜமைக்கா வம்சாவளி நர்ஸும் கயானா வம்சாவளி பஸ் டிரைவரும், தன் பாட்டனை வெச்சிருந்தவனுக்குக் குடுத்த நஷ்டஈட்டுக் கடனைச் சேர்ந்து அடைச்சிருக்காங்க. இதை எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு ஆற மாட்டேங்குது.

எங்க தேடணும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், அதாவது யூசிஎல், நடத்துற "லெகசீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி"ங்கற டேட்டாபேஸ்தான் முதல் வாசல். கூகிள்ல அந்தப் பேரைப் போட்டாலே வந்துடும், அக்கவுன்ட் எதுவும் தேவையில்ல. நஷ்டஈடு கேட்டு மனு போட்ட ஆயிரக்கணக்கானவங்க ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு பக்கம் இருக்கு. பேரை வெச்சு தேடலாம், தோட்டத்தோட பேரை வெச்சு தேடலாம், காலனியை வெச்சு தேடலாம், பிரிட்டன்ல இருந்த விலாசத்தை வெச்சு கூட தேடலாம்.

முதல் தடவை உள்ள போறவங்க ஏதாவது பெரிய கம்பெனி பேரைப் போட்டுட்டு ஒண்ணும் வரலையேன்னு வெளிய வந்துடுறாங்க. மனு போட்டது ஆளுங்க, கம்பெனி இல்ல. அதனால அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவர் யாரு, 1830கள்ல பார்ட்னருங்க யாருன்னு முதல்ல ஒரு லிஸ்ட் எடுத்துக்கங்க, அப்புறம் ஒவ்வொரு பேரா போடுங்க. ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி போட்டுப் பாக்கணும், அந்தக் காலத்துல ஒரே ஆளோட பேரை மூணு விதமா எழுதியிருப்பாங்க.

பழகறதுக்கு ஜான் கிளாட்ஸ்டோன்ங்கற பேரை எடுத்துக்கங்க. லிவர்பூல் வியாபாரி, அங்க இருந்த வெஸ்ட் இண்டியா அசோசியேஷன்ங்கற கரீபியன் தோட்ட முதலாளி, வியாபாரிங்க சங்கத்தோட தலைவர், பின்னாடி நாலு தடவை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டோனோட அப்பா. அவர் பக்கத்தைத் திறந்தா பிரிட்டிஷ் கயானாலயும் ஜமைக்காலயும் அவர் வெச்சிருந்த தோட்டங்களுக்கு வரிசையா மனு நம்பர் இருக்கும். எல்லாத்தையும் கூட்டினா 2,508 பேருக்கு 1,06,769 பவுண்டு வாங்கியிருக்கார்.

இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு போடுங்க, இதை யாரும் விட்டுடாதீங்க. 1,06,769ஐ 2,508ஆல வகுத்தா ஆளுக்கு 42 பவுண்டு சொச்சம் வரும். மொத்த 2 கோடியை 8 லட்சத்தால வகுத்தா ஆளுக்கு 25 பவுண்டுதான். இவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு கூடன்னு கேட்டீங்கன்னா அங்கதான் விஷயமே இருக்கு. 1822லேர்ந்து 1830 வரைக்கும் ஒவ்வொரு காலனிலயும் ஒரு அடிமை சராசரியா என்ன விலைக்கு வித்தாங்கங்கறதை வெச்சுதான் ரேட் போட்டாங்க. ஜமைக்கால மண்ணு பழசு, சர்க்கரைல லாபம் குறைஞ்சு போச்சு, அங்க ஆளுக்கு 20 பவுண்டு கிட்டதான் கிடைச்சுச்சு. பிரிட்டிஷ் கயானா புது மண்ணு, நல்ல வெளைச்சல், ஆனா ஆள் பஞ்சம், 1807லயே பிரிட்டிஷ் கப்பல்ல ஆள் கொண்டு வர்றதை நிறுத்திட்டதால இருக்கிற ஆளோட விலை ஏறிடுச்சு, அதனால 50 பவுண்டுக்கு மேல. அதாவது ஒரு மனுஷனோட உடம்புல இருந்து இன்னும் எவ்வளவு லாபம் பிழியலாம்ங்கற மார்க்கெட்டோட எதிர்பார்ப்பை அரசாங்கமே அப்படியே ஒத்துக்கிட்டு செக் குடுத்திருக்கு. அடிமை முறை முதலாளித்துவத்துக்கு முந்தின ஏதோ ஒரு பழைய காட்டுமிராண்டிப் பழக்கம்னு யாராவது சொன்னா இந்த ரேட் கார்டைக் காட்டுங்க.

பக்கத்தை எப்படி படிக்கிறது

தொகை பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்னு மூணு எண்ணா இருக்கும், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். பக்கத்துலயே எத்தனை அடிமைகள்னு இருக்கும். அதுக்கு அடுத்தது அந்த ஆள் எந்த ஹோதாவுல மனு போட்டாருன்னு பாருங்க, அதுதான் முக்கியம். சொந்தக்காரரா, அடமானம் பிடிச்சவரா, உயிலை நிறைவேத்துற ஆளா, டிரஸ்டியா, இல்ல அந்தத் தோட்டத்து வருமானத்துல வருஷா வருஷம் இவ்வளவுன்னு பங்கு எழுதி வெக்கப்பட்ட விதவையா. டிரஸ்டின்னா பணம் அவர் பேர்ல வந்திருக்கும், ஆனா அவர் பாக்கெட்டுக்குப் போயிருக்காது. இதைக் கவனிக்காம "இன்னார் இவ்வளவு வாங்கினார்"னு ட்வீட் போட்டா எதிராளி ஒரே நிமிஷத்துல உங்களைக் கவுத்துடுவான், அதோட உண்மையும் சேர்ந்து கவுந்துடும்.

அடமானக்காரங்க வர்ற மனுவுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. மாளிகைல பிரபுவா உக்காந்திருக்கிறவனைத்தான் எல்லாரும் தேடுவாங்க, ஆனா பல தோட்டத்துல உண்மையான எஜமான் லண்டன், லிவர்பூல், பிரிஸ்டல், கிளாஸ்கோன்னு கடை போட்டிருந்த கமிஷன் வியாபாரிதான். தோட்டக்காரன் அனுப்புற சர்க்கரையை வித்துக் குடுப்பான், அவனுக்குத் தேவையான மண்வெட்டி, துணி, கருவாடு எல்லாத்தையும் கடன்ல அனுப்புவான், கடன் ஏறிக்கிட்டே போகும், கடைசில தோட்டமும் அதுல இருக்கிற மனுஷங்களும் இவன் கைக்கு வந்துடும். இதுக்கு வழி போட்டுக் குடுத்தது 1732ல வந்த ஒரு பிரிட்டிஷ் சட்டம், காலனில ஒருத்தன் கடன் கட்டலைன்னா அவனோட நிலம், வீடு, அடிமைகள் எல்லாத்தையும் ஜப்தி பண்ணலாம்னு அது சொல்லுச்சு. இந்தச் சட்டம் வந்தப்புறம் லண்டன்ல இருக்கிறவன் கண்ணால பாக்காத தீவுக்குத் தைரியமா கடன் குடுக்க ஆரம்பிச்சான், ஏன்னா செக்யூரிட்டி கெட்டியா இருக்கு. அந்த செக்யூரிட்டிக்குப் பேர் இருக்கு, வயசு இருக்கு, அம்மா இருக்கா.

நஷ்டஈடு வாங்கினவங்கள்ல பிரிட்டன்லயே குடியிருந்தவங்க சுமார் 3,000 பேர்தான், ஆனா மொத்தத்துல பாதிப் பணம் இவங்ககிட்ட போச்சு. மீதி காலனில இருந்த சின்னச் சின்ன ஆளுங்களுக்கு, அதுல ரெண்டு மூணு அடிமையை வாடகைக்கு விட்டுப் பொழச்ச பொம்பளைங்களும் ஏராளம்.

வாங்கின காசு எங்க போச்சு

ஒவ்வொரு ஆளோட பக்கத்துலயும் "லெகசி"ன்னு பிரிவு இருந்தா அதைத் திறங்க. வியாபாரம், அரசியல், கட்டடம், கலை, வரலாறு, பேரரசுன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. ரயில்வே ஷேர், பேங்க், இன்சூரன்ஸ், ஆஸ்திரேலியால நிலம், ஓவியம், சர்ச்னு எல்லாம் வரும். ஜான் மாஸ்ங்கற பேரைத் தேடிப் பாருங்க. லிவர்பூல் பேங்கர், பிரிட்டிஷ் கயானால ஆனா ரெஜினா தோட்டத்தோட முதலாளி, இவரேதான் லிவர்பூல் மான்செஸ்டர் ரயில்பாதையை ஆரம்பத்துலேர்ந்து தூக்கி நிறுத்தினவங்கள்ல ஒருத்தர். 1830ல திறந்த அந்த ரயில் எதுக்குப் போட்டாங்க, லிவர்பூல் துறைமுகத்துல வந்து இறங்குற பஞ்சை மான்செஸ்டர் மில்லுக்குக் கொண்டு போகத்தான் முக்கியமா. அந்தப் பஞ்சை யார் பறிச்சா, அமெரிக்காவோட தென்பகுதில அடிமைங்க பறிச்சாங்க. 1860 வாக்குல பிரிட்டிஷ் மில்லுக்கு வந்த பஞ்சுல முக்கால்வாசிக்கு மேல அங்க இருந்துதான், அப்போ அமெரிக்கால அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம். ஒரே ஒரு ஆளோட பக்கத்துல சர்க்கரை, பேங்க், ரயில், பஞ்சுன்னு எல்லாம் வந்து சேர்ந்துடுது பாருங்க, இதுதான் இந்தத் தேடல்ல இருக்கிற பலன்.

அந்தக் கால பவுண்டை இன்னைக்கு எவ்வளவுன்னு மாத்தும்போது ஜாக்கிரதை. விலைவாசியை வெச்சு மாத்தினா ஒரு எண் வரும், கூலியை வெச்சு மாத்தினா அதைவிட பல மடங்கு வரும், நாட்டோட மொத்த உற்பத்தில எத்தனை பங்குன்னு பாத்தா இன்னும் எங்கயோ போகும். மூணுமே சரிதான், எதை வெச்சு மாத்தினோம்னு பக்கத்துலயே எழுதிடணும். என்னைக் கேட்டா அரசாங்கச் செலவுல 40 சதவீதம்ங்கற மாதிரி அந்தக் காலத்தோட அளவையே சொல்லிடறது நல்லது, படிக்கிறவங்களுக்குப் பட்டுனு புரியும்.

கப்பல் பக்கம்

தோட்டம் வெச்சிருக்கிறது வேற, கப்பல்ல ஆள் கடத்தி விக்கிறது வேற, ரெண்டையும் குழப்பிடாதீங்க. கிளாட்ஸ்டோன் முதல் வகை. ரெண்டாவது வகையைத் தேட "ஸ்லேவ் வாயேஜஸ்"னு தனி டேட்டாபேஸ் இருக்கு, 36,000க்கு மேல பயணங்கள். கப்பல் பேர், முதலாளி, கேப்டன், எங்க ஏத்தினான், எங்க இறக்கினான், எத்தனை பேர்னு வரும். அட்லாண்டிக் கடல்ல மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேரை ஏத்தியிருக்காங்க, உயிரோட இறங்கினது 1 கோடியே 7 லட்சம். நடுவுல இருக்கிற 18 லட்சம் பேர் கடல்ல. இந்த டேட்டாபேஸ்ல சில எண்கள் ஆவணத்துல நேரா இருக்கிறது, சில எண்கள் மத்த பயணங்களை வெச்சு ஆய்வாளர்கள் கணிச்சுப் போட்டது. "இம்ப்யூட்டட்"னு போட்டிருந்தா அது கணிப்பு, அதை உறுதியான எண்ணா எடுத்து எழுதாதீங்க.

முதலாளி பேர் கிடைச்சதும் அதை ரெண்டு இடத்துல ஒட்டிப் பாருங்க. ஒண்ணு உண்டியல், அதாவது தவணை கழிச்சு காசு தர்றதா எழுதிக் குடுக்கிற சீட்டு. ஜமைக்கால ஆளை வித்தா ரொக்கமா காசு வராது, ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் தவணை போட்டு லிவர்பூல்லயோ லண்டன்லயோ இருக்கிற ஒரு பெரிய கடை பேர்ல பில் எழுதிக் குடுப்பாங்க, நம்ம ஊர்ல நகரத்தார் எழுதின உண்டியல் மாதிரியேதான். அந்த பில்லைக் கழிவு குடுத்து பேங்க்ல மாத்தலாம், கை மாறிக்கிட்டே போகும், கடைசில அதை வெச்சு துணி வாங்கற லங்காஷயர் வியாபாரிக்கு அந்தப் பேப்பருக்குப் பின்னால ஒரு மனுஷன் வித்துப் போயிருக்கான்னே தெரிய வேண்டியதில்ல.

ரெண்டாவது இன்சூரன்ஸ். ஜாங்ங்கற கப்பலோட வழக்கைப் படிங்க. 1781ல லிவர்பூல் கிரெக்சன் கூட்டாளிகளோட கப்பல், ஜமைக்காவைத் தாண்டிப் போய் வழி தப்பிடுச்சு, தண்ணி பத்தாதுன்னு சொல்லி 130 பேருக்கு மேல உயிரோட கடல்ல தூக்கிப் போட்டாங்க. நோயில செத்தா இன்சூரன்ஸ் கிடைக்காது, கப்பலைக் காப்பாத்த சரக்கை வீசினா கிடைக்கும், ஆளுக்கு 30 பவுண்டு. முதலாளிங்க லண்டன் கோர்ட்டுக்குப் போய் கேட்டாங்க, ஜூரி குடுக்கச் சொல்லி தீர்ப்பும் சொல்லுச்சு, அப்புறம் 1783ல தலைமை நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்டு முன்னாடி மறுவிசாரணை வேணும்னு வந்தப்போ மழை பெஞ்சு தண்ணி கிடைச்சதுக்கப்புறமும் ஆளுங்களை வீசியிருக்காங்கன்னு வெளிய வந்துச்சு. தானே அடிமையா இருந்து விடுதலை வாங்கின ஒலாடா ஈக்வியானோதான் இந்தச் செய்தியை, அடிமை முறையை எதிர்த்துப் போராடின கிரான்வில் ஷார்ப்கிட்ட கொண்டு போய் சேர்த்தவர். ஷார்ப் கொலைக்கேஸ் போட எவ்வளவோ முயற்சி பண்ணினார், கொலைன்னு ஒருத்தர் மேலயும் வழக்கு நடக்கல. கோர்ட்ல நடந்தது முழுக்க இன்சூரன்ஸ் க்ளெய்ம் சண்டை மட்டும்தான்.

எண்ணுக்குப் பின்னால இருக்கிற பேரு

இது வரைக்கும் தேடினது எல்லாம் முதலாளி பேரு. இதோட நிறுத்தினா அந்த லெட்ஜர் எழுதினவனோட கண்ணாலதான் நாமளும் பாக்கிறோம்னு அர்த்தம். லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கிற பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல, டி 71ங்கற வரிசைல அடிமைப் பதிவேடுங்க இருக்கு. 1810கள்லேர்ந்து பெரும்பாலும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தோட்டமும் தன்கிட்ட இருக்கிற ஆளுங்களைப் பேர், வயசு, ஆப்பிரிக்கால பொறந்தவரா இங்கயே பொறந்தவரான்னு எழுதிக் குடுக்கணும், பல இடத்துல அம்மா பேரும் இருக்கும். ஆன்சஸ்ட்ரிங்கற வம்சாவளி தேடுற சைட்ல ஸ்கேன் இருக்கு. முந்தின பதிவுக்கப்புறம் யார் கூடினா, யார் குறைஞ்சான்னு தனியா வரும், பொறந்தது, செத்தது, வித்தது. ஒரு தோட்டத்தை எடுத்து வரிசையா நாலஞ்சு பதிவேட்டைப் பாருங்க, சர்க்கரைத் தோட்டமா இருந்தா பெரும்பாலும் பொறப்பை விட சாவு கூட இருக்கும். லாபம்னு ஒரு பக்கம் எழுதினது இன்னொரு பக்கம் என்னவா எழுதியிருக்குன்னு அங்க தெரியும்.

கிளாட்ஸ்டோனையே திரும்ப எடுங்க, அவர்கிட்ட சக்ஸஸ்னு ஒரு தோட்டம் இருந்துச்சு. 1823 ஆகஸ்ட்ல, பின்னாடி பிரிட்டிஷ் கயானால சேர்ந்த டெமராரால 10,000 பேருக்கு மேல எழுந்த கிளர்ச்சி அந்தத் தோட்டத்துலதான் தொடங்குச்சு. முன்னாடி நின்னவர் ஜாக் கிளாட்ஸ்டோன், முதலாளி பேரையே இவருக்கும் வெச்சிருந்தாங்க, அவரோட அப்பா குவாமினா ஒரு தச்சர், சர்ச்ல டீக்கன். கிளர்ச்சிக்காரங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்களைக் கொல்லாம பூட்டித்தான் வெச்சாங்க. பதிலுக்கு நூத்துக்கணக்குல சுட்டும் தூக்குல போட்டும் கொன்னாங்க. குவாமினாவைச் சுட்டு, உடம்பைச் சங்கிலில கட்டி சக்ஸஸ் தோட்டத்துக்கு முன்னாடி ரோட்டோரமா தொங்க விட்டாங்க. அதே தோட்டத்துக்குத்தான் பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு நஷ்டஈடு போச்சு. இந்த ரெண்டு தகவலும் வேற வேற காகிதத்துல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெக்கிறதுதான் நம்ம வேலை.

2023 ஆகஸ்ட்ல கிளாட்ஸ்டோன் வாரிசுங்க கயானாவுக்கே போய் மன்னிப்பு கேட்டாங்க. ஆவணம் கண்ணு முன்னாடி இருந்ததாலதான் அது நடந்துச்சு.

எது வரைக்கும் சொல்லலாம்

நிறைய பேர் சறுக்குற இடம் இது. டிரினிடாட்ல பொறந்து பின்னாடி அந்த நாட்டுக்கே பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944ல ரெண்டு விஷயம் சொன்னார். அடிமை வியாபார லாபம் பிரிட்டன் தொழில்புரட்சிக்கு முதல் போட உதவுச்சுங்கறது ஒண்ணு, லாபம் குறைஞ்சதாலதான் அடிமை முறையை ஒழிச்சாங்க, தர்ம சிந்தனை மட்டும் காரணமில்லங்கறது ரெண்டாவது. ரெண்டாவது மேல பலமான எதிர்ப்பு வந்துச்சு, 1807ல வியாபாரத்தைத் தடை பண்ணினப்போ தோட்டங்கள் நொடிஞ்சு போகல, விளைச்சல் ஏறிக்கிட்டுதான் இருந்துச்சுன்னு எண்ணோட காட்டினாங்க. முதல் விஷயத்துலயும் கப்பல் வியாபார லாபத்தை மட்டும் தனியா எடுத்தா வருஷத்துக்கு 10 சதவீதம் கிட்டதான் வரும், அது ஒரு நாட்டையே மாத்துற அளவு இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. என்னோட கருத்து, கப்பலை மட்டும் தனியா பிடுங்கிக் கணக்கு போட்டா சின்னதாத்தான் தெரியும், சர்க்கரை, பஞ்சு, கடன், இன்சூரன்ஸ், துறைமுகம், ஆப்பிரிக்காவுக்குப் போன துணி, இரும்பு எல்லாம் சேர்த்துப் பாத்தா அடிமை உழைப்பை எடுத்துட்டு அந்தப் பொருளாதாரத்தை நிக்க வைக்க முடியாது. ஆனா ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதும்போது இந்தப் பெரிய வாதத்தை அதுல ஏத்தாதீங்க. "இவர் இத்தனை பேருக்கு இவ்வளவு வாங்கினார், அதே காலத்துல இந்த ரயில்ல ஷேர் போட்டார்"னு எழுதலாம். "அந்தக் காசுலதான் ஷேர் வாங்கினார்"னு எழுதணும்னா பேங்க் கணக்கோ கடிதமோ கையில இருக்கணும்.

அமெரிக்கப் பக்கம் போகணும்னா பேங்க் ரெக்கார்டுதான் வழி. சிகாகோ நகரம் 2002ல ஒரு விதி போட்டுச்சு, நகரத்தோட தொழில் பண்ற கம்பெனி எல்லாம் தன் பழைய கணக்குல அடிமைத் தொடர்பு இருந்தா வெளிய சொல்லணும்னு. அதுக்காகத் தேடிப் பாத்து 2005ல ஜேபி மார்கன் சேஸ் ஒத்துக்கிச்சு, அது பின்னாடி முழுங்கின ரெண்டு லூசியானா பேங்க்குங்க 1831லேர்ந்து 1865க்குள்ள ஏறத்தாழ 13,000 அடிமைகளை ஈடா எடுத்திருக்கு, கடன் கட்டாதப்போ சுமார் 1,250 பேருக்கு பேங்க்கே முதலாளியா ஆகியிருக்கு.

நம்ம ஆளுங்க வர்ற இடம்

தமிழ்ல இதைத் தேடுறவங்களுக்கு நேரடியா முட்டுற இடங்கள் இருக்கு. சோழமண்டலக் கரையில நெய்து நீலச்சாயம் போட்ட துணி ஐரோப்பிய கம்பெனி கப்பல்ல ஏறி மேற்கு ஆப்பிரிக்கா போயிருக்கு, அங்க ஆள் வாங்க குடுத்த சரக்குல இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு. கப்பல் சரக்குப் பட்டியல்ல "கினீ"ன்னு ஒரு துணி வந்தா அது பாண்டிச்சேரி, மெட்ராஸ் பக்கமா இருக்கலாம். நெசவாளிக்கு அது எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சிருக்க வழியில்ல.

1833 சட்டத்துல கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதியையும் இலங்கையையும் விட்டுட்டாங்கங்கறதையும் குறிச்சுக்கங்க. தஞ்சாவூர் வயல்ல பள்ளர், பறையர் மக்கள் நிலத்தோட சேர்த்து விக்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் இருந்தப்போ கம்பெனிக்காரனுக்கு வரி வந்தா போதும்னு இருந்தான். 1843ல வந்த சட்டம்தான் கோர்ட்ல அடிமை உரிமையை ஏத்துக்க முடியாதுன்னு சொல்லுச்சு, அதுவும் காகிதத்துல.

அப்புறம் கூலிக் கப்பல். 1836 ஜனவரில நம்ம கிளாட்ஸ்டோன் கல்கத்தால இருக்கிற கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்கு லெட்டர் போடறார், அப்ரெண்டிஸ் காலம் முடியப் போகுது, இந்தியால இருந்து ஆள் அனுப்ப முடியுமான்னு. 1838ல விட்பி, ஹெஸ்பரஸ்னு ரெண்டு கப்பல்ல 396 பேர் பிரிட்டிஷ் கயானா போய் இறங்கினாங்க, அஞ்சு வருஷ ஒப்பந்தம். கிளாட்ஸ்டோனோட தோட்டத்துக்கும், மேல சொன்ன ஜான் மாஸோட ஆனா ரெஜினாவுக்கும் அதுல ஆள் போச்சு. அடி உதைன்னு புகார் கிளம்பி கொஞ்ச வருஷம் நிறுத்தி வெச்சாங்க, 1845ல மறுபடி திறந்தப்போ மெட்ராஸ்ல இருந்தும் ஆள் ஏத்தினாங்க. இலங்கைலயும் இதே நூல்தான் ஓடுது, 1837ல வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர் ஜமைக்கால காபி பயிர் பண்ணக் கத்துக்கிட்டு வந்தவர், அந்த முறைதான் கண்டி மலைல பரவுச்சு, அந்தத் தோட்டத்துக்குத்தான் நம்ம ஜனங்க கடலைத் தாண்டி மன்னார்ல இறங்கி அங்கேர்ந்து நடந்தே போனாங்க. ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒண்ணுன்னு எழுதிடாதீங்க, பிள்ளைகளை விக்க முடியாது, காலம் முடிஞ்சா போகலாம்ங்கற வித்தியாசம் பெரிசு. ஆனா முதலாளி அதே ஆளு, தோட்டம் அதே தோட்டம்னு பேரோட காட்ட முடியும்.

மொரிஷியஸ் குடும்பம்னா ரெண்டு பதிவையும் பாக்கணும். டி 71 வரிசைல மொரிஷியஸ் அடிமைப் பதிவேட்டுல "மலபார்"னு எழுதியிருக்கிறவங்க இந்தியால இருந்து பிடிச்சுட்டு போனவங்க, ஃபிரெஞ்சுக்காரன் காலத்துலயே போனவங்க அதுல உண்டு. கேரளான்னு நினைச்சுடாதீங்க, தமிழ் ஆளுங்களையும் அப்படித்தான் எழுதுவான். 1834க்கு அப்புறம் ஒப்பந்தத்துல வந்தவங்களோட பதிவேடுங்க மோகா ஊர்ல இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு, பேர், அப்பா பேர், ஊர், சாதி, கப்பல், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினாங்கன்னு இருக்கும், 1860களுக்கு அப்புறம் பல பேருக்கு ஃபோட்டோவும் உண்டு. வம்சாவளிக்காரங்க கேட்டா தேடித் தருவாங்க. இமிக்ரேஷன் நம்பர்னு ஒண்ணு குடும்பத்துல எங்கயாவது பழைய காகிதத்துல இருக்கும், அது கிடைச்சா வேலை சுலபம், இல்லன்னா கப்பல் பேரும் வந்த வருஷமும் தோராயமா சொல்லுங்க. தோட்டத்தோட பேர் கிடைச்சதும் அதை எடுத்துட்டு வந்து யூசிஎல் டேட்டாபேஸ்ல தேடிப் பாருங்க, 1830கள்ல அந்தத் தோட்டத்துக்கு யார் நஷ்டஈடு வாங்கினாங்கன்னு தெரியலாம்.